அவையஞ்சாமையும் ஆங்கில மேடையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வர்த்தமான மகாவீரர் கேவலஞானம் எய்திய பின்னரும் 66 நாள் திருவாய் மலர்ந்தருளவில்லை என்பது திகம்பர மரபு. கேட்டு உணர்ந்து பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதியுடைய இந்திரபூதி கௌதமர் வந்து சேர்ந்த பின்னரே இராசகிருகத்து விபுலமலையில் திவ்வியத்தொனி எழுந்தது. சமவசரணத்தில் கூடியிருந்த தேவரும் மனிதரும் விலங்கும் பறவையும் அதனைத் தத்தம் மொழியிலேயே கேட்டுணர்ந்தனர் என்று நம் முன்னோர் கூறுவர். சொல்வோன் வாயில் தொடங்கும் சொல், கேட்போன் நெஞ்சைச் சென்று சேர்ந்தால்தான் முற்றுப்பெறும் என்னும் உண்மை இவ்வரலாற்றில் பொதிந்துள்ளது. இன்றைய உரைப்பொருளுக்கும் அதுவே அடிப்படை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பிறந்து, ஊர்ப்பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, பட்டம் பெற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்லும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் ஏராளம். எழுத்துத் தேர்வில் அவர்கள் பின்தங்குவதில்லை. நேர்காணலில், குழுவாக உரையாடும் சுற்றில், பத்து நிமிடம் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு பொருளை விளக்குக என்னும் கட்டத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். வீடு திரும்பும் பிள்ளை, ‘பாடம் தெரியும், சொல்ல வரவில்லை’ என்கிறான். நிலத்தை ஈடுவைத்துப் படிக்கவைத்த தந்தைக்கு அச்சொல்லின் பொருள் விளங்குவதில்லை. பிள்ளைக்கோ, தான் அறிவில் குறைந்தவன் என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றிவிடுகிறது. அவ்வெண்ணம் தவறானது என்பதைக் காட்டவும், ஆங்கிலத்தில் அவை முன் பேசுதல் முயன்றால் கைவரும் கலை என்பதை விளக்கவும் இராமேசுவரக் கடற்கரை ஒரு நல்ல சான்றைத் தருகிறது.

தீவில் ஒரு கடிதக்காரர்

1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இரயில் இராமேசுவரம் தீவுக்குள் வந்தது. ஆனால் ஆங்கிலம் அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. 1931 அக்டோபர் 15 அன்று அத்தீவில் பிறந்த ஆ. ப. ஜ. அப்துல் கலாம், ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில் அகமது ஜலாலுதீன் என்பவரை நன்றியோடு நினைவுகூர்கிறார். பின்னாளில் கலாமின் தமக்கையை மணந்தவர் அவர். குடும்பச் சூழலால் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆயினும் அக்காலத்தில் தீவு முழுவதிலும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று கலாம் குறிப்பிடுகிறார். விண்ணப்பமாயினும் கடிதமாயினும் தேவைப்பட்டோர் யாவரும் ஜலாலுதீனை நாடி வந்தனர். அவரும் மறுக்காமல் எழுதிக்கொடுத்தார்.

இக்காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு மீனவர்க்கோ சிறு வணிகர்க்கோ அரசு அலுவலகத்தில் குறை உண்டு. குறையை அவர் நன்கு அறிவார். தமிழில் தெளிவாகச் சொல்லவும் அறிவார். அலுவலகம் கேட்கும் மொழி மட்டும் அவரிடம் இல்லை. அதனை ஜலாலுதீன் இரவல் கொடுத்தார். அவரிடம் வந்து நின்றோர் அறிவிலிகள் அல்லர். மொழி இன்மையும் அறிவு இன்மையும் வேறு வேறு என்பதைச் சிறுவன் கலாம் கண்முன்னே கண்டு வளர்ந்தான். நம் பிள்ளைகளும் முதலில் உணர வேண்டியது இதுவே.

கடற்கரையில் ஒரு வகுப்பு

இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர் இருந்தார். பறவை எவ்வாறு பறக்கிறது என்பதை அவர் ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் கற்பித்தார். கரும்பலகையில் பறவை ஒன்றை வரைந்து, வால், இறக்கை, தலை ஆகியவற்றைக் காட்டி விளக்கினார். முடிவில், ‘விளங்கிற்றா?’ என்று வினவினார். விளங்கவில்லை என்றான் கலாம். வேறு பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அலைமேல் பறந்த கடற்பறவைகள் இறக்கையை அடிப்பதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரே காட்டினார். தம் வாழ்வின் திசையை வகுத்த பாடம் அதுவே என்று குடியரசுத் தலைவரான பின்னரும் கலாம் மேடைதோறும் சொல்லிவந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பறவையின் கதையாகவே பலரும் நினைவில் கொள்வர். பேசக் கற்போர்க்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. ஐயரின் கரும்பலகை விளக்கத்தில் பிழை ஏதும் இல்லை. எனினும் கேட்போர்க்கு அது எட்டவில்லை. எட்டவில்லை என்பதைக் கேட்டறியும் பணிவும், உடனே வழியை மாற்றிக்கொள்ளும் துணிவும் அவரிடம் இருந்தன. பிற்காலத்தில் கலாம் ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகளில் இம்முறையே தொடர்ந்தது. உரையின் இடையே மாணவரை வினவுவார். தாம் சொன்ன உறுதிமொழியை அவர்களைத் திரும்பச் சொல்லச் செய்வார். வினாக்களுக்கு இடம் ஒதுக்குவார்.

ஒன்பதாம் இடம்

இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியிலும், பின்னர்த் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் கலாம் பயின்றார். வளனார் கல்லூரியின் இறுதியாண்டில்தான் ஆங்கில இலக்கியத்தில் சுவை பிறந்ததாகவும், டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரை விரும்பிப் படித்ததாகவும் அவரே எழுதுகிறார். அதன்பின் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமாகிய எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றார்.

படிப்பு முடிந்ததும் வான்படையில் சேர வேண்டும் என்னும் வேட்கையோடு டேராடூனுக்குச் சென்றார். அங்கு நேர்காணலுக்கு வந்தோர் 25 பேர். தேவைப்பட்டோர் எட்டுப் பேர். கலாம் பெற்றது ஒன்பதாம் இடம். அத்தேர்வுக் குழு அறிவுத்திறனைக் காட்டிலும் ‘ஆளுமை’க்கே மிகுந்த மதிப்பளித்ததாகத் தோன்றியது என்றும், உடல்வலிமையையும் சரளமாகப் பேசும் பாங்கையும் அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம் என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். பின்னாளில் நாட்டின் ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவர், பேச்சுப் பாங்கும் அளக்கப்பட்ட தேர்வொன்றில் ஒரே ஓர் இடத்தால் தவறினார்! மனம் உடைந்து ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரைக் கண்டு ஆறுதல் பெற்றார். பிறகு தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிவை விட்டுவிட்டு நாவன்மையை மட்டும் எடைபோடும் தேர்வுகள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன. அவை நேர்மையானவையா என்று வினவ நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவை மாறும்வரை பிள்ளைகள் காத்திருக்க இயலாது. தோற்றவர் எல்லாரும் கலாம் ஆகிவிடுவர் என்று ஆறுதல் சொல்வதும் பொறுப்பாகாது. அந்த ஒன்பதாம் இடத்தை எட்டாம் இடமாக்கும் பயிற்சியைத் தருவதே பெரியோர் கடமை.

தாய்மொழியில் தெளிவு

அப்பயிற்சி எங்கே தொடங்க வேண்டும்? பலர் ஆங்கில இலக்கண நூலில் தொடங்குவர். சிலர் வீட்டில் தமிழையே விலக்கிவிடுவர். கலாமின் வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது. எம்.ஐ.டி. மாணவராய் இருந்தபோது அங்கிருந்த தமிழ்ச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே உருவாக்குவோம் என்னும் பொருளில் அவர் தமிழில் கட்டுரை எழுதினார். பரிசும் பெற்றார். பரிசளித்தவர் ஆனந்த விகடனின் ஆசிரியராயிருந்த தேவன். வானூர்தியின் அமைப்பையும் இயக்கத்தையும் தமிழில் முறைப்படுத்திச் சொல்ல வல்லவர்க்கு, அதே பொருளை ஆங்கிலத்தில் சொல்வது சொல்மாற்றும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. தமிழிலேயே தெளிவில்லாத கருத்து ஆங்கிலத்தில் மட்டும் எவ்வாறு தெளியும்?

1962 ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவுக்கான நேர்காணல் பம்பாயில் நடைபெற்றது. வினவியோருள் ஒருவர் அகமதாபாத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்த விக்ரம் சாராபாய். கலாம் இம்முறை பதற்றத்தை ஒதுக்கிவிட்டுச் சென்றார். வென்றே தீர வேண்டும் என்னும் பிடிவாதத்தை விடுவதே வெல்லும் வழி என்று தமக்குள் சொல்லிக்கொண்டதாக எழுதுகிறார். பற்றை நீக்குதல் நோன்புக்கு மட்டுமன்றி நேர்காணலுக்கும் உதவுகிறது! சாராபாய் வினவிய முறையும் வேறாக இருந்தது. இளைஞர் எதை அறியவில்லை என்று துருவாமல், இவர் எவ்வளவு வளரக்கூடும் என்று ஆராய்ந்தார். அன்பு நிறைந்த அந்த அவையில் கலாமின் சொற்கள் தடையின்றி வந்தன, தேர்வும் பெற்றார். பேசுவோனின் திறமையில் ஒரு பாதி கேட்போர் கையில் உள்ளது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் மறக்கலாகாது.

இத்தகைய பெரியோர் துணை அவர்க்கு மீண்டும் வாய்த்தது. 1979 ஆகஸ்டு 10 அன்று கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி. 3 ஏவூர்தி கடலில் விழுந்தது. செய்தியாளர் கூட்டத்தில் அவரைப் பேசவிடாமல் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே முன்வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 சூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்றபோது, கூட்டத்தை நடத்துமாறு கலாமை அனுப்பினார். தோல்வியில் தாம் பேசி, வெற்றியில் இளையவரைப் பேசவைத்த தலைவர் அவர். ஒரு பேச்சாளரை உருவாக்க இதனினும் சிறந்த வழி ஏது?

சிகாகோவும் பாம்பனும்

ஆங்கில மேடை என்றதும் நினைவுக்கு வரும் மற்றொரு நிகழ்ச்சிக்கும் இதே கடற்கரை சாட்சியாகும். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் உலகச் சமயப் பேரவை தொடங்கியது. அதற்குச் செல்லுமாறு விவேகானந்தரை ஊக்கியவர்களுள் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். அன்று காலை தம் முறை வந்தபோதெல்லாம் விவேகானந்தர் அதனைத் தள்ளிப்போட்டார். நெஞ்சு படபடத்ததையும் நா வறண்டதையும், மற்றவர் எழுதி வந்திருக்கத் தாம் எழுதாமல் வந்ததையும் சென்னை அன்பர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். மாலையில் எழுந்து பேசியபின் நிகழ்ந்ததை உலகம் அறியும். 1897 சனவரி 26 அன்று அவர் பாம்பனில் கரையிறங்கியபோது சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். அவையச்சம் எவரையும் விட்டுவைப்பதில்லை. அச்சத்தோடு எழுந்து நிற்பவரே பேச்சாளர் ஆகிறார்.

அதே பேரவையில் சமண அறத்தின் சார்பாக எழுந்து நின்றவர் வீர்சந்து ராகவ்ஜி காந்தி. குசராத்தின் மகுவாவில் 1864 இல் பிறந்த அவர்க்கு அப்போது வயது 29. அழைப்பு வந்தது ஆசாரியர் ஆத்மாராம்ஜிக்கு. துறவு நெறி கடற்பயணத்திற்கு இடந்தராமையால் அவர் தம் சார்பில் வீர்சந்தை அனுப்பினார். வெறுங்கையோடு அனுப்பவில்லை. பேரவைக்கெனச் சமண நெறியை வினாவும் விடையுமாக விளக்கும் ‘சிகாகோ பிரச்னோத்தர்’ என்னும் நூலை ஆக்கினார். வீர்சந்தைத் தம்மிடம் இருத்திப் பயிற்றுவித்தார். உயிரையும் வினையையும் அகிம்சையையும் பற்றி அதுவரை கேட்டறியாத மக்களுக்கு, அவர்கள் மொழியில், அவர்களுக்கு விளங்கும் வகையில் வீர்சந்து எடுத்துரைத்தார். பேரவை முடிந்த பின்னும் அமெரிக்க நகரங்களில் அவர் சொற்பொழிவுகள் தொடர்ந்தன. 1901 இல் இளமையிலேயே மறைந்தார். விவேகானந்தரை அறிந்த அளவுக்கு வீர்சந்தை நம் பிள்ளைகள் அறியாதது நம் குறையே.

பவணந்தியார் தரும் அளவுகோல்

ஆங்கில உரைக்கு இலக்கணம் தேடி வெளிநாட்டு நூல்களைப் புரட்டுமுன் நம் வீட்டு நூல் ஒன்றைத் திறக்கலாம். சமண முனிவர் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்து அழகையும் பத்துக் குற்றத்தையும் வகுத்துள்ளார். அவை நூலுக்குச் சொல்லப்பட்டவையாயினும் மேடையுரைக்கும் அப்படியே பொருந்தும்.

இளைஞர் ஒருவர் தம் திட்டப்பணியை விளக்க எழுகிறார். கல்லூரியின் வரலாற்றையும் துறைத்தலைவரின் பெருமையையும் ஐந்து நிமிடம் கூறுகிறார். இது மற்றொன்று விரித்தல். ஸ்லைடில் எழுதியதை அப்படியே படித்துவிட்டு மீண்டும் அதையே விளக்குகிறார். இது கூறியது கூறல். தொடக்கத்தில் உரத்து ஒலித்த குரல் போகப்போகத் தேய்ந்து, ‘அவ்வளவுதான்’ என்று முணுமுணுத்து அமர்கிறார். இது சென்று தேய்ந்து இறுதல். இக்குற்றங்களுள் ஒன்றேனும் ஆங்கில அறிவின்மையால் விளைந்ததா? இல்லை. இவை தமிழில் பேசினாலும் நிகழும் குற்றங்கள். இவற்றை நீக்கிவிட்டால் உரை பாதி சிறந்துவிடும். எஞ்சிய பாதிக்குச் சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறைப்பட அடுக்கல், தக்க எடுத்துக்காட்டுத் தரல் ஆகிய அழகுகள் துணைநிற்கும்.

ஏலாசாரியர் என நம் மரபு போற்றும் வள்ளுவரும் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவையறிதலை முன்வைத்து அவையஞ்சாமையைப் பின்வைத்த முறை நோக்கத்தக்கது. யார் கேட்கின்றனர், அவர்கள் எதை முன்பே அறிவர், எதற்காக வந்துள்ளனர் என்று அறிந்தவர்க்கு அச்சத்தில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.

பழகும் முறை

இனி, ஆங்கிலத்திற்கே உரிய தடைகளைப் பார்ப்போம். தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். ‘நான் நேற்றுத் திண்டிவனத்தில் பேருந்து நிலையத்தில் என் மாமாவைச் சந்தித்தேன்’ என்போம். ஆங்கிலத்தில் ‘நான்’ என்றவுடன் ‘சந்தித்தேன்’ வர வேண்டும். தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவோர் எழுவாயைச் சொல்லிவிட்டு வினை கிடைக்காமல் நின்றுவிடுவதன் காரணம் இதுவே. அந்த இடைவெளியை நிரப்பவே ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ போன்ற சொற்கள் நுழைகின்றன. வாய் திறக்குமுன் வினைச்சொல்லை முடிவு செய்துகொள்வதும், ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்தையே வைப்பதும் இதற்கு மருந்து. சிறு வாக்கியம் சிறுமையன்று. சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் எளிது.

அடுத்தது ஒலியழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொற்பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். ‘ரெக்கார்டு’ என்னும் சொல் பெயராக வரும்போது முதலசையிலும், வினையாக வரும்போது பின்னசையிலும் அழுத்தம் பெறும். அகராதியில் அழுத்தக்குறியைப் பார்த்துப் பழகுவது உச்சரிப்பின் பெரும்பகுதியைச் சீராக்கும். பிறநாட்டார் போல மூக்கால் பேச முயல வேண்டியதில்லை. கலாம் இறுதிவரை இராமேசுவரத்துத் தமிழ்மணம் கமழும் ஆங்கிலமே பேசினார். கேட்டவர்க்கு அது விளங்கியது, இனிமையாகவும் இருந்தது.

மூன்றாவது கால அளவு. தெளிவாகப் பேசினால் நிமிடத்திற்கு 120 முதல் 150 ஆங்கிலச் சொற்கள் பேசலாம். பத்து நிமிட உரைக்கு 1,200 சொற்களே போதும். முழுவதையும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லை மறந்தால் அனைத்தையும் இழப்பார். முதல் இரண்டு வாக்கியங்களையும் இறுதி இரண்டையும் மட்டும் நெட்டுருச் செய்து, இடைப்பட்டதைக் குறிப்புகளாகச் சிறு அட்டையில் வைத்துக்கொள்வது நன்று. வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துக் குறைந்தது ஐந்து முறை சொல்லிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பதிந்து கேட்டால் தன் குற்றம் தனக்கே தெரியும். ஸ்லைடில் படமும் சில சொற்களும் போதும். பேச்சைப் பேச்சாளரே பேச வேண்டும்.

நான்காவது வினாவிடை. ஆத்மாராம்ஜி செய்தது போல, எழக்கூடிய வினாக்களை முன்னரே எழுதி விடை காண வேண்டும். அதையும் மீறி ஒரு வினா வந்தால், ‘இது தெரியவில்லை, அறிந்து சொல்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லவும் பழக வேண்டும். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார்க்கு அச்சொல் இழுக்கன்று. எதிர்க்கருத்து வந்தால், அவர் நின்று பார்க்கும் கோணத்தில் அதற்கும் இடமுண்டு என ஏற்றுத் தம் கருத்தைச் சொல்வது நம் அநேகாந்த நெறி. நம் நூல்கள் கூறும் பாஷா சமிதியும் இதுவே: நன்மை தரும் சொல், அளவான சொல், இனிய சொல். எந்த மொழியில் பேசினாலும் இவ்விரதம் மாறாது.

ஸ்ட்ராஸ்பர்க் அவையில்

2007 ஏப்ரல் 25 அன்று, ஸ்ட்ராஸ்பர்க் நகரில், 27 நாடுகளின் பேராளர் அமர்ந்த ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்தியக் குடியரசுத் தலைவராகக் கலாம் ஆங்கிலத்தில் உரையாற்றினார். போர்கள் பல கண்ட நாடுகள் ஒன்றுபட்டு வாழும் அவை அது. அங்கே அவர் எடுத்தாண்டது கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல். அதன் அடியைத் தமிழிலேயே சொல்லிப் பின்னர் ஆங்கிலத்தில் பொருள் கூறினார். உரை முடிந்ததும் அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். அவை எதுவென அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தம் ஊர்ச் செல்வத்திலிருந்து எடுத்துத் தந்தார் அவர். பேச்சுப் பாங்கும் எடைபோடப்பட்ட தேர்வில் ஒன்பதாம் இடம் பெற்ற இளைஞரும் இவரே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. 2015 சூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர் முன் ஆங்கிலத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜினாலயங்களில் வாரந்தோறும் வழிபாட்டிற்குப் பின் குடும்பங்கள் சிறிது நேரம் கூடியிருக்கின்றன. அதில் பத்து நிமிடத்தை ஒரு பிள்ளைக்கு ஒதுக்கலாம். தான் அறிந்த ஒன்றை, அது பாடமோ பயிரோ தீர்த்தங்கரர் வரலாறோ, முதல் ஐந்து நிமிடம் தமிழிலும் அடுத்த ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலும் அப்பிள்ளை சொல்லட்டும். இடையில் எவரும் திருத்த வேண்டா, சிரிக்கவும் வேண்டா. முடிந்தபின் ஒருவர் மட்டும் ஒரு வினா எழுப்பட்டும். ஆங்கிலம் அறியாத பாட்டியும் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். பேரன் தடுமாறாமல் நிற்கிறானா என்று பார்க்க அவருக்கு ஆங்கிலம் தேவையில்லை. ஓராண்டு இவ்வாறு நடந்தால், பெங்களூரில் முன்பின் அறியாத ஐந்து பேர் முன் எழுந்து நிற்கும்போது அப்பிள்ளைக்கு அது முதல் அவையாக இராது.

விடுமுறையில் இராமேசுவரம் பக்கம் செல்லும் குடும்பங்கள் பாம்பனை அடுத்த குந்துகாலில் உள்ள விவேகானந்தர் நினைவிடத்தையும், பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காட்டும்போது வெற்றிகளோடு டேராடூன் கதையையும், சிகாகோவில் வறண்ட நாவின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீர்சந்து காந்தியின் பெயரையும் அங்கேயே சொல்லலாம்.